விட்ட படியிலிருந்து

கலேவெலவில் நமது மாலை வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன் எப்போதும் கடைசி வாங்கையே தேடுவான். வயது பதினொன்று. இரண்டு தடவை இடம்பெயர்ந்ததில் மூன்றாம் தரப் படிப்புப் பாதியில் நின்றுவிட்டது. பாடசாலையோ வயதைப் பார்த்து ஆறாம் தரத்தில் இருத்தியது. அங்கே பின்னம் படிப்பிக்கிறார்கள். இவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடே பாதிதான். “படிப்பு ஏறாத பிள்ளை, பாதர்” என்றார் தகப்பனார். சந்தைக்குப் போகும் வெங்காய மூடைகளுக்குக் கணக்குச் சொல்பவன் இவன்தான் என்பதை அவரே மறந்துவிட்டார்.

பிந்தி நட்ட பாத்திக்கு, முந்தி நட்ட பாத்தியின் நாளிலா உரம் போடுகிறோம்?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். ஆந்திராவில் ரிஷிவேலியைச் சூழ்ந்த கிராமங்களில் பத்மநாப ராவ், ரமா தம்பதியினர் உருவாக்கிய முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. 2007இல் அது மாநிலம் எங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பாடம் முழுவதும் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. சுவரில் ஓர் ஏணிப் படம். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதே அடையாளமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும். ஆசிரியரின் உதவி வேண்டியவர்கள் ஒரு பாயில், தோழரோடு படிப்பவர்கள் இன்னொரு பாயில், தனியே செய்பவர்கள் வேறொன்றில். பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. காய்ச்சலால் பத்து நாள் வராத பிள்ளையும் விட்ட படியிலேயே தொடங்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழியும், தொலையும். நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நின்றால் ஆசிரியர் களைத்துப்போவார். பின்னாளில் அங்கும் முறை மாறிவிட்டது. ஆனாலும் 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் கைத்தொலைபேசிக்கு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே தொலைபேசி. அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். அட்டைக்கு மின்சாரமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி நாங்களும் முப்பது அட்டைகள் செய்தோம், பெருக்கலுக்கு மட்டும். எட்டாம் தரத்து அக்கா ஒருத்தி அவனோடு பாயில் இருந்து கேள்வி கேட்கிறாள். அவளுக்கும் வாய்ப்பாடு இப்போதுதான் சரியாக வருகிறதாம்!

அன்பான பெற்றோரே, நம் நாட்டில் 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். இடையில் நின்ற பிள்ளையை மீண்டும் சேர்க்கும்போது, கையில் மிஞ்சிய பழைய கொப்பிகளையும் கொண்டுபோங்கள். கடைசியாகத் திருத்தப்பட்ட பக்கத்தை ஆசிரியருக்குக் காட்டி, “இதுவரை படித்திருக்கிறான்” என்று சொல்லுங்கள். கொப்பியும் இல்லையென்றால், பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கவும் நாலு கணக்குச் செய்யவும் சொல்லிப் பார்க்குமாறு கேளுங்கள்.

நம் சிறுவன் இப்போது ஏழாம் வாய்ப்பாட்டில் நிற்கிறான். இன்னும் பதினொரு அட்டைகள் இருக்கின்றன.