எதிரொலியில் வாழும் மொழி

மலேசியாவில், ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு சுண்ணாம்புக்கல் மலை கண்ணில் படும். செங்குத்தான வெள்ளைப் பாறை, தலையில் பச்சைக் காடு, வயிற்றில் குகை. கெக் லோக் தோங் குகைக் கோயிலுக்குள் போய் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி பாறையில் மோதிச் சுற்றிக்கொண்டு மறுபடி உங்கள் காதுக்கே வரும். அந்த எதிரொலியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மலைகளுக்கு அப்பால் உள்ள காடுகளில் சில பழைய மொழிகள் இன்றுவரை பிழைத்திருக்கும் சூட்சுமம் ஏறக்குறைய அதில்தான் இருக்கிறது.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலைப் பக்கம் சேமாய் மக்களின் ஊர்கள். வடக்கே சுங்கை சிப்புட், கிரிக் வட்டாரங்களில் தெமியார் மக்கள். இன்னும் வடக்கே, பெலும் காட்டில், ஜஹாய். தோட்டப்புறத்தில் நம் முன்னோர் இவர்கள் எல்லாரையும் ‘சக்காய்’ என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். அது இழிசொல், அடிமை என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை நாம் நாக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். இவர்கள் ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடியினர். தீபகற்பத்தில் 18 இனக்குழுக்கள், மொத்தம் சுமார் 2 லட்சம் பேர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தெமியார் சுமார் 30,000 பேர்; ஈப்போவில் இருக்கும் பேராக் ஸ்டேடியத்தில் அத்தனை பேரையும் உட்காரவைத்தாலும் இருக்கை மிஞ்சும். ஜஹாய் பேசுவோர் ஆயிரத்தை ஒட்டித்தான் வருவார்கள்.

எண்ணிக்கை சிறிது, வேர் ஆழம். சேமாய் மொழியில் மீனுக்குக் ‘கா’ என்று பெயர். சொல்லி முடிக்கும்போது தொண்டையைச் சட்டென்று அடைக்க வேண்டும். வியட்நாமியரும் மீனைக் ‘கா’ என்கிறார்கள். பர்மாவின் மோன் மக்களுக்கும் ‘கா’. ஜார்க்கண்டின் சந்தாலிகளுக்கு ‘ஹாகோ’. எல்லாம் ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பம் என்ற ஒரே மரத்தின் கிளைகள். பேராக் மண்ணில் ரப்பர் கன்று ஊன்றப்பட்டது 1877இல், கோலகங்சாரில். அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மீன் இங்கே நீந்திக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். நமக்கு இரட்டைக்கிளவி பழக்கம். சலசல, கலகல, மினுமினு: ஒரு துண்டை அப்படியே இன்னொரு முறை சொல்கிறோம். சேமாய்க்காரர்களும் இரட்டிக்கிறார்கள், ஆனால் முழுச் சொல்லையும் அல்ல. தலைமுடி கலைந்து பரட்டையாக நிற்கும் தோற்றத்தைக் குறிக்கும் சொல் ‘பயங்’. அதை இரட்டித்தால் ‘பயங்பயங்’ வரும் என்றுதானே நினைப்போம்? வருவது ‘ப்ங்பயங்’. முதல் மெய்யையும் கடைசி மெய்யையும் மட்டும் எடுத்து, நடுவில் உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு, சொல்லின் முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். வேட்டியை மடிக்கும்போது இரண்டு கரைகளையும் சேர்த்துப் பிடிப்போமே, அதுபோல.

ஜெரார் திஃப்லோத் என்ற மொழியியலாளர் 1976இல் இதை விரித்து எழுதினார். இவ்வகைச் சொற்களைத் தமிழில் ‘சித்திரச்சொல்’ எனலாம்: ஒரு காட்சியையோ ஒலியையோ உடம்பின் உணர்வையோ ஒரே மூச்சில் வரைந்து காட்டும் சொல். பெரிய வயிறு விடாமல் முன்தள்ளிக்கொண்டே இருப்பதற்கு ஒரு சொல். மூங்கில் சுணை தோலில் பட்டு அரிப்பதற்கு ஒரு சொல். நாம் ஒரு வாக்கியம் செலவழிக்கும் இடத்தில் அவர்கள் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தெமியார் மொழி இதே மடிப்பை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. ‘ஸ்லொக்’ என்றால் படுத்துத் தூங்குவது. தூங்கிக்கொண்டே இருப்பது ‘ஸெக்லொக்’. கடைசியில் இருந்த ‘க்’ ஒலி நகலெடுக்கப்பட்டுச் சொல்லுக்குள் நுழைந்துவிட்டது. நாம் ‘கொண்டிரு’ என்று நீட்டுவதை அவர்கள் ஓர் எதிரொலியால் நீட்டுகிறார்கள். முடிவு முன்னால் வந்து நின்றால், செயல் முடியவில்லை என்று பொருள்!

எழுத்தில் வளராத இந்த மொழிகளுக்குப் பள்ளிக்கூடம், அச்சகம், அகராதி எல்லாமாக இருந்தது ஓர் இரவுச் சடங்கு. பொதுப் பெயர் ‘செவாங்’. பிளந்த மூங்கில் தரை போட்ட வீடு. விளக்கை அணைத்துவிடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மூங்கில் குழல்களை, ஒன்று நீளம் ஒன்று குட்டை, கிடத்தி வைத்த ஒரு மரக்கட்டையின் மேல் மாறி மாறிக் குத்துவார்கள். ஒரு கை நெட்டை, ஒரு கை குட்டை. இதயத் துடிப்பைப்போல இரட்டைத் தாளம் ஓட ஆரம்பிக்கும்.

அந்தக் குழலே ஓர் எளிய அற்புதம். அடியில் கணு அடைத்திருக்கும், மேலே திறந்திருக்கும். குத்தியதும் உள்ளே இருக்கும் காற்றுத்தூண் அதிர்கிறது. குழல் 70 செ.மீ. என்றால் அதிர்வு நொடிக்குச் சுமார் 120 முறை; ஓர் ஆண் சாதாரணமாகப் பேசும் குரலின் கனம் அது. பாதியாக வெட்டினால் அதிர்வு இருமடங்காகும், அதாவது பெண் குரலின் உயரம். தந்தி வேண்டாம், தோல் வேண்டாம். ஒரு கத்தியும் மூங்கில் புதரும் போதும்.

பாட்டு எங்கிருந்து வருகிறது? கனவிலிருந்து. தெமியார் நம்பிக்கையில் தூங்குபவரின் தலையில் உறையும் உயிர் வெளியே உலவப் போகிறது. வழியில் ஒரு மரத்தின், மலையின், அருவியின், புலியின் உயிரைச் சந்திக்கிறது. ‘உனக்குப் பிள்ளையாக இருக்கிறேன்’ என்று அது உறவு கொண்டாடி ஒரு பாட்டைக் கற்றுத்தருகிறது. ஆசானாக வருவது பிள்ளை முறையில் வருகிறது என்பதை நான் திரும்பத் திரும்ப வியந்திருக்கிறேன். கண்விழித்தவர் அந்தப் பாட்டைச் சடங்கில் பாடுவார். பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாதை’. நோய் என்பது வழிதவறிய உயிர். பாட்டு அதை வீட்டுக்கு அழைத்துவரும் தடம். 1981-82இல் கிளந்தான் பக்கத்துத் தெமியார் ஊர்களில் தங்கி இதையெல்லாம் கேட்டுப் பதிந்தவர் மரினா ரோஸ்மன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். அவருடைய நூல் 1991இல் வந்தது.

இங்கேதான் குகையின் எதிரொலி நுழைகிறது. கனவு கண்டவர் ஓர் அடி பாடுகிறார். அவர் முடிக்கும் முன்பே பெண்கள் குழு அந்த அடியைப் பிடித்துத் திருப்பிப் பாடுகிறது. நம் ஊர் பஜனையில் ஒருவர் முன்பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது இப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. பஜனைப் பாட்டு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். இங்கே பாட்டு நேற்றைய கனவில் பிறந்ததாகக்கூட இருக்கலாம். ஒத்திகை கிடையாது, தாள் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் திருப்பிச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லும் காதுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். ஒருவர் தலைக்குள் இருந்த பாட்டு விடிவதற்குள் ஐம்பது வாய்களில் பதிந்துவிடுகிறது. அம்மாவின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் குழந்தை ஒவ்வோர் அடியையும் இரண்டு முறை, இரண்டு குரல்களில், தாளத்தோடு கேட்கிறது. மொழி கற்பிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் யோசித்திருக்காது என்று துணிந்து சொல்வேன்.

பாடுபொருளுக்கும் வேலி இல்லை. பழமரமும் அருவியும் பாட்டுத் தந்தன. பிறகு விமானமும் கைக்கடிகாரமும்கூடக் கனவில் வந்து பாட்டுத் தந்திருக்கின்றன. புதிதாக ஒரு பொருள் காட்டுக்குள் வந்தால் மொழி அதைப் பாட்டாக்கி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறது. மலைப்பெயர், ஆற்றுப்பெயர் எல்லாம் பாட்டில் இருப்பதால், பாடல் தொகுதி அவர்களுடைய நிலத்தின் வரைபடமாகவும் இருக்கிறது. மரம் வெட்டுவோர் ஒரு மலையை மொட்டையடிக்கும்போது அதன் பாட்டுக்கும் ஆபத்து வருகிறது.

ஜஹாய் மொழியில் இன்னொரு புதையல். நாம் ஒரு வாசனையைச் சொல்ல ‘மல்லிகை மணம்’, ‘பெட்ரோல் நாற்றம்’ என்று ஒரு பொருளைத் துணைக்கு இழுப்போம். ஜஹாய்க்காரர்களிடம் நிறப்பெயர்களைப்போலத் தனித்து நிற்கும் வாசனைச் சொற்கள் சுமார் பன்னிரண்டு உண்டு. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல். புலியை இழுத்துவரும் இரத்த வாடைக்குத் தனியாக ஒரு சொல். ஆசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹல்ட் இருவரும் இதை 2014இல் உலகுக்குச் சொன்னார்கள். பின்னொரு சோதனையில், நெதர்லாந்துக்காரர் ஒரு வாசனையைச் சொல்ல சராசரியாக 13 நொடி எடுத்தார். ஜஹாய்க்காரருக்கு 2 நொடி.

1959ஆம் ஆண்டை நான் மறப்பதில்லை. குனோங் ராபாட்டுக்குப் பக்கத்திலேயே, தம்புன் குன்றின் பாறைமுகத்தில், பழங்காலத்துச் சிவப்பு ஓவியங்கள் ஒரு கூர்க்கா படைப்பிரிவின் கண்ணில் பட்டது அந்த ஆண்டுதான். பின்னர் எண்ணியபோது 600க்கு மேற்பட்ட உருவங்கள். மான், தபிர், கடற்பசுகூட இருக்கிறது. அதே 1959இல் மலாயா வானொலி பூர்வகுடி மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கியது. இன்று அதன் பெயர் அஸ்யிக் எஃப்எம். சேமாய், தெமியார், ஜக்குன், தெமுவான் மொழிகள் அதில் ஒலிக்கின்றன. 1990களில் சேமாய் சில தொடக்கப்பள்ளிகளில் பாடமாகவும் ஏறியது. அதற்கும் முன்பே, 1955இல், தெமியார் கனவுப் பாடல்களை ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது.

இசைத்தட்டு பாட்டைக் காக்கும். வாங்கிப் பாடும் குழுவை அதனால் காக்க முடியாது. விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை பல வாரம் மலாய் மட்டுமே பேசிவிட்டு ஊர் திரும்புகிறது. இளைஞர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். லானோ போன்ற மொழிகள் சில நூறு பேரிடம் ஒதுங்கிவிட்டன.

ஆனாலும் செவாங்கில் ஓர் அங்கத்தை எந்தப் பேழையிலும் பூட்டிவைக்க முடியாது. ஆடுபவர் தலையில் சூடும் ஓலை முடி, கூரையிலிருந்து தொங்கும் இலைத் தோரணம், கையில் பிடிக்கும் வாசனைத் தழைக் கொத்து எல்லாம் அன்று பறித்த பச்சை. எந்த ஓலை மடியும், எது ஒடியும், எந்த வேர் மணக்கும் என்று தெரிந்தவர் பெயர் சொல்லிக் கேட்பார். பெயர் தெரிந்தவர்தான் காட்டுக்குள் போய்ப் பறித்துவர முடியும். விடிந்ததும் எல்லாம் வாடிவிடும். அடுத்த செவாங் எப்போது நடந்தாலும், யாராவது ஒருவர் மறுபடி அந்தப் பெயர்களை உரக்கச் சொல்லி, ஒரு பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.