ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து சட்டத்துறைக்கு எவ்வளவு தூரம்?

ஹார்வர்ட் என்றதும் உலகில் பெரும்பாலோருக்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற சட்டக் கல்லூரி நினைவுக்கு வரும். கெடா தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது பீடோங் வட்டாரத்து ரப்பர் தோட்டம்.

அந்தத் தோட்டத்து மக்களுக்குச் சட்டம் புதிதன்று. 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்தும் தோட்டப் பாட்டாளிகளின் தன்மானத்திற்காகவும் அது போராடியது. 1947இல் போலீசாருடன் மோதல்கள் நடந்தன. பலர் கைதாகிச் சிறை சென்றனர். சட்டம் எழுதும் இடத்திலோ, வாதாடும் இடத்திலோ அந்தப் பாட்டாளிகளுக்கு இடமில்லை. அவர்கள் நீதிமன்றத்தைப் பார்த்ததே குற்றவாளிக் கூண்டில் நின்றுதான்.

அதே 1947இல் கெடாவைச் சேர்ந்த இன்னொருவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அவர் சுல்தான் அப்துல் ஹமிட்டின் மகன், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான். கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். கெடா அரசின் உபகாரச் சம்பளத்தில் இளம் வயதிலேயே இங்கிலாந்து சென்றவர். ஆனாலும் சட்டத் தேர்வில் அவர் முதல் முயற்சியில் தேறவில்லை. இடையில் உலகப் போரும் குறுக்கிட்டது. 1949இல், 45 வயதைத் தாண்டிய பிறகே, அவர் வழக்கறிஞர் தகுதி பெற்றார்.

துங்குவின் விடாமுயற்சி பாராட்டத்தக்கது. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோற்றாலும் மீண்டும் முயல அவருக்கு வசதி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. சட்டக் கல்வியில் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று பேசும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

*கதவு அருகில் வந்துவிட்டது*

ஒரு காலத்தில் சட்டம் படிக்கக் கப்பலேற வேண்டும். 1957இல்தான் அப்போது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டப்புலம் 1972இல் தொடங்கியது. இன்று கெடாவிலேயே, சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியாப் பல்கலைக்கழகத்தில் (யூயூஎம்) சட்டப் பட்டம் படிக்கலாம்.

இந்தியர்களுக்கும் சட்டத்துறைக்கும் நீண்ட உறவு உண்டு. மக்கள் தொகையில் சுமார் 7 விழுக்காடாக இருக்கும் நம் சமூகம், வழக்கறிஞர் தொழிலில் அதைவிடக் கூடுதலான பங்கை வகிக்கிறது. டத்தோ அம்பிகா சீனிவாசன் 2007 முதல் 2009 வரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தார்.

அப்படியானால் குறை எங்கே? ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு உலகங்கள் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலம் புழங்கும் நகர்ப்புறக் குடும்பத்தில், வழக்கறிஞரான பெரியப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளை ஒரு புறம். பாடாங் செராயிலோ கோலக்கெட்டிலிலோ, பால்மரம் வெட்டிய அல்லது தொழிற்சாலையில் ‘ஷிஃப்ட்’ பார்க்கும் பெற்றோரின் பிள்ளை மறுபுறம். முதல் பிள்ளை வழக்கறிஞரானால் புள்ளிவிவரத்தில் இந்தியர் எண்ணிக்கை கூடும். இரண்டாவது பிள்ளைக்கான கதவு அதனால் தானாகத் திறந்துவிடாது.

*மூன்று தடைகள்*

முதல் தடை, மொழி. தீபகற்ப மலேசியாவில் நீதிமன்ற மொழி மலாய். தீர்ப்புகளும் பாட நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டைச் செலவிட்டு, இடைநிலைப்பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு விரிவுரை மண்டபத்தில் வாய் திறக்கவே தயக்கம். தெரியாததால் அல்ல, உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற அச்சத்தால்.

இரண்டாவது தடை, பணமும் காலமும். பொதுப் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள். வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் 1984இல் அறிமுகமான சி.எல்.பி. தேர்விலும் தேற வேண்டும். அதன்பின் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ‘சேம்பரிங்’ எனும் பயிற்சி. அந்தக் காலத்தில், பயிற்சி தருபவர் கொடுக்கும் தொகையைத் தவிர, வேறு வேலை பார்த்துச் சம்பாதிக்க 1976ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. பகுதி நேர வேலை பார்த்தே படித்து முடித்த பிள்ளைக்கு, கரை தெரியும் நேரத்தில் வரும் கடினமான மாதங்கள் இவை.

மூன்றாவது தடை, ஆள் பழக்கம். எந்த நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது, எப்படிக் கடிதம் எழுதுவது, நேர்காணலில் என்ன உடுத்துவது என்பன எந்தப் பாட நூலிலும் இல்லை. வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைக்கு இவை சாப்பாட்டு மேசையில் கிடைக்கின்றன. நம் பிள்ளை யாரைக் கேட்பது?

*சேர்ப்பது மட்டும் போதாது*

இந்தியாவில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் தொண்டர்கள், பெரும்பாலும் சட்ட மாணவர்கள், பின்தங்கிய வட்டாரப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். சட்டப் படிப்பு என்று ஒன்று உண்டு என்பதை அங்குள்ள மாணவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். ஆர்வமும் திறமையும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருகிறார்கள். இடம் கிடைத்ததோடு கைவிடுவதில்லை. கட்டணம், ஆங்கிலம், வழிகாட்டி என்று படிப்பு முடியும்வரை துணை நிற்கிறார்கள்.

நாம் கற்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியை. இடம் கொடுப்பது ஒன்று. ‘இது என் இடம்’ என்று அந்த மாணவரை உணர வைப்பது வேறு. பல்கலைக்கழகங்கள் முதலாண்டிலேயே சட்ட மொழிப் பயிற்சி தரலாம். மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் எப்போதும் பேசுபவர்களையே அனுப்பாமல் புதியவர்களுக்கும் வாய்ப்பளிக்கலாம். கெடாவில் தொழில் செய்யும் நம் வழக்கறிஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்று பேசலாம். பயிற்சி வழக்கறிஞருக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான தொகை தரலாம்.

*உங்கள் தமிழும் ஒரு தகுதியே*

பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டை பெற முடியாத இளைஞர், தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பம், சொக்சோ இழப்பீடு கேட்கத் தெரியாத விதவைத் தாய் எனச் சட்ட உதவி தேவைப்படுவோர் நம் கண்முன்னே இருக்கிறார்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டும் என்றது. அதனால் தலைமுறையாக உழைத்த தோட்டத் தொழிலாளர் பலர் இந்தியாவுக்கே திரும்ப நேர்ந்தது. ஒரு தாளின் மதிப்பை நம் தாத்தா பாட்டிகள் அப்படித்தான் அறிந்தார்கள்.

இவர்கள் தங்கள் வழக்கைத் தமிழில்தான் முழுமையாகச் சொல்ல முடியும். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, மலாயில் மனு எழுதி, ஆங்கிலத் தீர்ப்புகளைத் தேடிப் படித்து வாதாடக்கூடியவர் யார்? தமிழ்ப்பள்ளியில் படித்து, மூன்று மொழிகளோடும் மல்லுக்கட்டி வளர்ந்த நீங்கள்தான். குறை என்று நீங்கள் நினைத்த பின்னணி, சட்டத்துறைக்குத் தேவைப்படும் அறிவு.

*இன்றே தொடங்கலாம்*

எஸ்பிஎம் மாணவர்கள் மலாய், ஆங்கிலம், வரலாறு ஆகிய மூன்றிலும் நல்ல தேர்ச்சி பெறுங்கள். ஆறாம் படிவத்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம். எஸ்டிபிஎம், அதிகச் செலவில்லாமல் பொதுப் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்குச் செல்லும் வழி. மூயெட் தேர்வுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தைச் சட்டத்தொழில் தகுதி வாரியம் அங்கீகரிக்கிறதா, சி.எல்.பி. எழுத வேண்டுமா என்று கேளுங்கள். பிடிபிடிஎன் கடன் எவ்வளவு கிடைக்கும், மீதிக்கு என்ன வழி என்று பெற்றோருடன் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சேம்பரிங் காலத்தின் ஒன்பது மாதங்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சுங்கைப்பட்டாணி அல்லது அலோர்ஸ்டார் நீதிமன்றத்திற்குச் செல்லுங்கள். திறந்த நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையைப் பொதுமக்கள் பார்க்கலாம். நேர்த்தியாக உடுத்தி, கைப்பேசியை அடைத்துவிட்டு, பின் வரிசையில் அமைதியாக உட்காருங்கள். வழக்கறிஞர் எப்படி எழுந்து பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழரின் சாட்சியத்தை எப்படி மலாயில் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

ஏற்கெனவே சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த பள்ளிக்கு ஒருமுறை திரும்பிச் செல்லுங்கள். எந்தத் தாளில் தடுமாறினீர்கள், எப்படி மீண்டீர்கள், பயிற்சிக்கு எங்கே இடம் கிடைத்தது என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடும்.