கூரையை வெட்டினால் விலை கூடும்

இத்தாலியின் டூரின் நகரில் 1957 ஜூலையில் ஃபியட் நிறுவனம் ‘நுவோவா 500’ காரை அறிமுகப்படுத்தியது. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த குடும்பங்களைக் குறிவைத்து தாந்தே ஜியகோசா வடிவமைத்த வண்டி. நீளம் மூன்று மீட்டரை எட்டாது. பின்பக்கத்தில் 479 சிசி எஞ்சின். இரண்டே சிலிண்டர், காற்றில் குளிரும், 13 குதிரைத்திறன். கூரையில் பெரும்பகுதி கான்வாஸ் துணி. ஏழைக்கென்று இப்படிச் சிக்கனமாகச் செய்த காரைப் பணக்காரர்கள் ஏறக்குறைய இரட்டை விலை கொடுத்து வாங்கினார்கள். வாங்க வைத்தவை, பாடி கட்டும் பட்டறைகள்.

அந்தப் பட்டறைகளுக்கு முன்பெல்லாம் வேலை சுலபம். சேஸிஸ் தனியாக வந்து நிற்கும். அதன்மேல் விருப்பப்படி பாடி கட்டலாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இன்றும் அப்படித்தானே கட்டுகிறார்கள். ஆனால் 500-க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, பக்கச்சுவர், தூண் எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்த தகட்டுக் கூடுதான் எடையைத் தாங்குகிறது. தூணை அறுத்தால் நடுவில் தொய்ந்துவிடும்.

கியா (Ghia) பட்டறை அதைத்தான் அறுத்தது. 1950-களின் கடைசியில் வந்த ‘ஜாலி’க்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. போன பலத்தை ஈடுகட்ட அடிப்பகுதிக்குக் கூடுதல் வலு கொடுத்தார்கள். பக்கவாட்டில் குரோம் பூசிய குழாய். தலைக்குமேல் குஞ்சம் தொங்கும் துணிப் பந்தல். இருக்கைகள் பிரம்புப் பின்னல். கடலில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறி உட்கார்ந்தாலும் தண்ணீர் வழிந்தோடிவிடும். மெத்தை ஊறிப்போகும் என்ற கவலை இல்லை. கடற்கரை மாளிகைக்கும் உல்லாசப் படகுக்கும் ஏற்ற பொம்மை. அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் டெக்சாஸ் பண்ணையிலும் ஒன்று ஓடியது. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்பவருக்கான வண்டி அல்ல இது.

விஞ்ஞாலே பட்டறை அதே 500-ஐ வைத்து 1967-இல் கொண்டுவந்த ‘கமீன்’ வேறு ரகம். 1930-களின் ஸ்போர்ட்ஸ் கார் போல இரண்டே இருக்கை, திறந்த மேற்புறம், முன்னால் பளபளக்கும் பெரிய கிரில். அந்தக் கிரிலுக்குப் பின்னால் ரேடியேட்டர் கிடையாது, இருக்கவும் முடியாது. எஞ்சின்தான் பின்பக்கம் காற்றில் குளிர்கிறதே! முழுக்க வேஷம். பார்க்க அழகு, அவ்வளவே. 1971-க்குப் பிறகு அது வரவில்லை.

பட்டறைக்காரரின் மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் 500-இன் அண்ணனான ஃபியட் 600-க்குப் போக வேண்டும். அதன் அடித்தளத்தில் அபார்த் நிறுவனம், எஞ்சினை 747 சிசிக்குப் பெருக்கியது. மிலான் பக்கத்து ஜகாத்தோ பட்டறை அலுமினியத் தகட்டில் பாடி கட்டியது. காற்றை எளிதாகக் கிழிக்கக் கூரையைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் ஓட்டுநரின் தலை இடிக்கும். ஆகவே கூரையைத் தாழ்த்திவிட்டு, இரண்டு தலைகளுக்கு நேர்மேலே மட்டும் இரண்டு புடைப்புகளை எழுப்பினார்கள். அழகுக்கென்று வந்ததல்ல அந்தப் புடைப்பு. ஆனாலும் பின்னாளில் அதுவே ஜகாத்தோவின் அடையாளமாகிவிட்டது.

ஜாலியின் விலை இன்று எங்கோ போய்விட்டதால், சாதாரண 500-ஐ அறுத்துப் பிரம்பு இருக்கை போட்டு விற்பவர்களும் உண்டு. வாங்கப் போகிறவர் குஞ்சத்தைப் பார்த்து மயங்காமல், குனிந்து கதவு இருந்த இடத்தின் கீழ்த்தகட்டுக்கு வலு கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.