கடல் கடந்த கணக்குகள் – 9: ஊருக்கு ஒரு விகிதம்

சென்ற வாரம் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் வரிகளைப் பார்த்தோம். பிடித்தம் போகக் கைக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், அங்கே விற்பனை வரி காத்திருக்கிறது.

அமெரிக்கக் கடையில் 20 டாலர் என்று ஒட்டியிருக்கும் பொருளுக்கு, பெரும்பாலான ஊர்களில் 20 டாலர் கொடுத்தால் போதாது. எம்.ஆர்.பி. பார்த்து வாங்கியே பழகிய நம்மவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், முதலில் தடுமாறும் இடம் இதுதான். ஒட்டியிருப்பது வரிக்கு முந்தைய விலை. வரி எவ்வளவு என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எந்த இடத்தில் வாங்குகிறோம், என்ன பொருளை வாங்குகிறோம். இந்த இரண்டும் தெரிந்தால் மொத்தத் தொகையைக் கல்லாவுக்குப் போவதற்கு முன்பே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அளந்து எடுத்த பணத்தோடு கடைக்கு வருகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அந்த நாட்டில் மத்திய அரசு பொது விற்பனை வரி எதுவும் வாங்குவதில்லை. 45 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் வாங்குகின்றன. பல மாநிலங்கள் 1930களின் பெருமந்தத்தில் கஜானா வற்றியபோது இதைக் கொண்டுவந்தன. பத்து சென்ட் பொருளுக்கு வரி ஒரு சென்ட்டுக்கும் குறைவாக வந்ததால், சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ள வில்லைகளைச் சில மாநிலங்கள் வெளியிட்டன. மிசௌரி மாநிலம் முதலில் கொடுத்தது பால் புட்டி மூடி போன்ற வட்ட அட்டை. இன்று அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்தில் மட்டும் மாநில விற்பனை வரி கிடையாது. அவற்றிலும் அலாஸ்காவில் ஊர்களே தனியாக வரி போட்டுக்கொள்கின்றன. ஜூனோவில் அது 5 சதவீதம்.

மற்ற இடங்களில் மாநில வரியின் மேல் கவுண்டி, நகரம், போக்குவரத்து ஆணையம் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை ஏற்றும். ஹூஸ்டனை எடுத்துக்கொள்வோம். டெக்சஸ் மாநிலத்துக்கு 6.25, நகரத்துக்கு 1, பஸ்ஸும் ரயிலும் ஓட்டும் மெட்ரோவுக்கு 1, ஆகமொத்தம் 8.25 சதவீதம். உள்ளூர்ப் பங்குகள் எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டெக்சஸ் சட்டம். அதனால் அந்த மாநிலத்தில் எங்கே நின்றாலும் 8.25தான் உச்சம்.

இதை மனக்கணக்காகப் போட எளிய வழி, விலையைப் பன்னிரண்டால் வகுப்பது. 600 டாலர் மடிக்கணினிக்கு 50 டாலர் என்று வரும். பில்லில் இருப்பது 49.50. இந்த வழியில் விடை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்பதால் கல்லாவில் பணம் போதாமல் போகாது. நியூ ஜெர்சியின் 6.625 சதவீதத்துக்குப் பதினைந்தால் வகுக்கலாம். சிகாகோவின் 10.25க்குப் பத்தில் ஒரு பங்கு எடுத்து, மேலே கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் கூடை முழுவதையும் பன்னிரண்டால் வகுத்தால் தப்பு. ஹூஸ்டனில் 84 டாலருக்கு மளிகை வாங்குகிறோம் என்று வையுங்கள். அரிசி, பருப்பு, பால், காய்கறிக்கு டெக்சஸில் வரி இல்லை. சோப்பு, ஷாம்பு, டிஷ்யூ பேப்பருக்கு உண்டு. உணவுதானே என்று நினைக்கும் குளிர்பானத்துக்கும் மிட்டாய்க்கும்கூட உண்டு. குழந்தைகளின் டயப்பருக்கும் பெண்களின் மாதவிடாய்ப் பொருட்களுக்கும் 2023 செப்டம்பரில்தான் விலக்குக் கிடைத்தது. வரிக்குரியவை 36 டாலர் என்றால் வரி ஏறக்குறைய 3 டாலர். 84ஐயும் வகுத்தவர் 7 டாலர் என்று நினைத்து, வாங்க வேண்டிய எதையோ திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்திருப்பார். பல கடைகளின் ரசீதில் வரிக்குரிய பொருளுக்கு எதிரே ஓர் எழுத்தைப் போட்டிருப்பார்கள். பழைய ரசீது ஒன்றை வைத்து அந்த எழுத்துகளைப் பார்த்தாலே அந்த மாநிலத்தின் வழக்கம் பிடிபட்டுவிடும்.

இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடிதத்தில் எழுதும் ஊர்ப்பெயர் வரிக்கு உதவாது. ஹூஸ்டன் என்று முகவரி போடும் பல குடியிருப்புகள் நகர எல்லைக்கு வெளியே, கவுண்டி நிலத்தில் இருக்கின்றன. அங்கே நகரத்தின் 1 சதவீதம் கிடையாது. அதற்குப் பதிலாகத் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் நடத்தும் அவசரச் சேவை மாவட்டம் தன் வரியைப் போட்டிருக்கலாம். ஜிப் கோடு தபால்காரருக்காக வகுத்தது. ஒரே கோடுக்குள் இரண்டு மூன்று விகிதங்கள் வரலாம். முழு முகவரியை வைத்துப் பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க வழி. டெக்சஸ், கலிபோர்னியா, நியூயார்க் மூன்றிலும் வரித்துறையே அந்த வசதியைத் தருகிறது.

இணையத்தில் வாங்கும்போது பெரும்பாலும் பொருள் போய்ச் சேரும் முகவரிதான் கணக்கு. முன்பு, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளர் அந்த மாநிலத்துக்கு வரி வசூலித்துத் தர வேண்டியதில்லை. 2018 ஜூனில் சவுத் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பில் அந்தப் பழைய விதியை ரத்து செய்தது. அனுப்பும் கூலிக்கு வரி உண்டா என்பது மறுபடியும் மாநிலத்தைப் பொறுத்தது; வரிக்குரிய பொருளென்றால் நியூயார்க்கில் கூலிக்கும் சேர்த்துப் போடுவார்கள்.

பொருளை வைத்து வரி எப்படி மாறும் என்பதற்கு நியூயார்க் நகரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. மாநிலம் 4, நகரம் 4.5, புறநகர்ப் போக்குவரத்து மாவட்டம் 0.375, கூட்டினால் 8.875. துணிமணியிலும் காலணியிலும் ஒரு உருப்படி 110 டாலருக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. 109 டாலர் கோட்டுக்கு 109 கொடுத்தால் போதும். 110 டாலர் கோட்டுக்கு முழு விலைக்கும் வரி விழுந்து 119.76 ஆகும். ஒரு டாலர் வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 11 டாலர் கூடுகிறது. மாசசூசெட்ஸிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு, 175 டாலர். ஆனால் அங்கே வரம்புக்கு மேலே போன தொகைக்கு மட்டும்தான் வரி. அதுதான் நியாயமான முறை என்பேன்.

பேகல் ரொட்டியை முழுசாகப் பையில் போட்டுக் கொடுத்தால் நியூயார்க்கில் வரி இல்லை; அறுத்து வெண்ணெய் தடவிக் கொடுத்தால் உண்டு. ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போனால் துணிக்கு எந்த வரம்பும் இல்லாமல் விலக்கு. அங்கே வாங்கிய விலை உயர்ந்த கோட்டை நியூயார்க்வாசி வீட்டுக்குக் கொண்டுவந்தால், விட்டுப்போன வரியை அவரே கட்ட வேண்டும் என்கிறது சட்டம். வருமான வரிப் படிவத்தில் அதற்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

மனசுக்குப் பொறுக்காதது மளிகை மீதான வரிதான். டென்னசியின் மெம்பிஸில் மாநிலம் 4, உள்ளூர் 2.75 என்று சாப்பாட்டுப் பொருளுக்கே 6.75 சதவீதம். மிசிசிப்பியில் 7 ஆக இருந்ததை 2025 ஜூலையில் 5 ஆக்கினார்கள். கன்சாஸ் மாநிலம் தன் பங்கைப் படிப்படியாகக் குறைத்து 2025 ஜனவரியில் முழுவதும் எடுத்துவிட்டது. ஆனாலும் ஊர்களின் பங்கு ரசீதில் இன்னும் வருகிறது. அரசின் உணவு உதவி அட்டையில் வாங்குவதற்கு எங்கும் விற்பனை வரி போடக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அந்த உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்கு ஏழை இல்லை, அதைக் கொஞ்சம் தாண்டியவர் என்றால் பால் வாங்கும்போதும் வரி கட்டுகிறார். வருமானத்தில் பெரும் பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் குடும்பத்திடமும் பத்து மடங்கு சம்பாதிக்கும் குடும்பத்திடமும் ஒரே விகிதத்தில் வாங்குவது சரியில்லை.

வரி சேர்ந்த விலையை அலமாரியிலேயே போட்டால் என்ன என்று கேட்டால், விகிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, நாடு முழுக்க ஒரே விளம்பரம் செய்ய முடியாது என்பார்கள். விளம்பரத்துக்கு அது சரி. ஆனால் அலமாரிச் சீட்டு ஒரு கடைக்குள் ஒட்டுவது. அந்தக் கடைக்கு ஒரே முகவரி. அதே அமெரிக்காவில் பெட்ரோல் நிலையப் பலகையில் மத்திய வரி, மாநில வரி எல்லாம் சேர்ந்த விலையைத்தான் எழுதுகிறார்கள். மளிகைக் கடையின் கல்லாக் கணினியில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய விகிதம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது. அதே எண்ணைச் சீட்டில் அச்சிடத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

(தொடரும்)