சிரிப்பு யார் மேல் விழுகிறது?

“இருபது வயதாகிறது, இன்னும் என்ன கார்ட்டூன்?” என்று பாட்டி கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: “பாட்டி, இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது.”

பெரியவர்களுக்காகவே எடுக்கப்படும் அனிமேஷன் நகைச்சுவைத் தொடர்களின் ரசிகை நான். ஆனால் எல்லாமே பிடிக்கும் என்றில்லை. ‘ஃபேமிலி கை’யை ஓர் அங்கத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியாது. கதையை நிறுத்திவிட்டுச் சம்பந்தமே இல்லாத துணுக்குக் காட்சியைச் செருகுவது அதன் பாணி. சிரிப்பு வரும், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. ‘சவுத் பார்க்’ குழுவினர் ஆறே நாளில் ஓர் அங்கத்தை முடிக்கும் வேகம் வியக்க வைக்கிறது. அமெரிக்கச் செய்திகள் தெரியாவிட்டால்தான் பாதி புரியாது. ‘போஜேக் ஹார்ஸ்மன்’ சிரிக்க வைத்துத் தொடங்கி அழ வைத்து முடியும். தேர்வு நேரத்தில் பார்க்காதீர்கள்!

என்னிடம் முதலிடத்துக்குப் போட்டியிடுபவை இரண்டு. ஒன்று, 1989 இறுதியில் தொடங்கி இன்றும் ஓடும் ‘த சிம்ப்சன்ஸ்’. மற்றொன்று ‘கிங் ஆஃப் த ஹில்’.

சிம்ப்சன்ஸ் பார்த்தவர்களுக்கு அப்புவைத் தெரியும். ‘க்விக்-இ-மார்ட்’ கடையை நடத்தும் இந்தியர். வாடிக்கையாளரிடம் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லும் இழுவைதான் பிரபலம். அந்தக் குரலைக் கொடுத்தவரோ ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். உயர்நிலைப் பள்ளியில் என்னுடன் படித்த சிலர் அந்தத் தொடரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆசிரியர் என் முழுப் பெயரை வாசித்ததும் பின்வரிசையிலிருந்து அந்த இழுவை கேட்கும். தொடர் வராத இடத்துக்கும் அதன் கேலி வந்து சேர்ந்துவிட்டது.

இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு இதைப் பற்றி 2017ல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். மறு ஆண்டு தொடர் அதற்குப் பதில் சொன்னது. அன்று எல்லாரும் ரசித்தது இன்று தவறாகிவிட்டது, என்ன செய்வது என்ற தோரணையில் லீசா கேமராவைப் பார்த்துப் பேசினாள். தொடரில் எப்போதும் நியாயம் பேசுபவள் அவள். அவள் வாயில் போய் அந்தச் சாக்கை வைத்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2020ல் அசாரியா அப்புவுக்குக் குரல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

இத்தனைக்கும் அப்பு மோசமாக எழுதப்பட்ட பாத்திரம் அல்ல. 1996ல் வந்த ஓர் அங்கத்தில் அவர் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு எழுதுவார். உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டதும் பொருளாதாரம், சமூகம் என்று விரிவாக விளக்கத் தொடங்குவார். தேர்வாளருக்கோ பொறுமை இல்லை, அடிமைமுறை என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்லிவிடுவார். அங்கே சிரிப்பு அப்பு மேல் விழவில்லை, கேள்வி கேட்டவர் மேல் விழுகிறது. மற்றப் பல அங்கங்களில் அந்த இழுவை மட்டுமே நகைச்சுவை. ஒரே பாத்திரம்தான், எனக்குப் பிடிப்பதும் அதுவே, பிடிக்காததும் அதுவே.

‘கிங் ஆஃப் த ஹில்’ (1997-2010) டெக்சஸில் ஒரு கற்பனை ஊரில் நடக்கும் கதை. நாயகன் ஹேங்க் ஹில் எரிவாயு விற்பவர். லாவோஸிலிருந்து வந்த கான் பக்கத்து வீட்டில் குடியேறும்போது, “நீங்கள் சீனரா, ஜப்பானியரா?” என்று கேட்பார்கள். லாவோஸ் எங்கே இருக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு என்று கான் விளக்குவார். எல்லாரும் யோசிப்பார்கள். பிறகு ஹேங்க் மீண்டும் கேட்பார்: “அப்படியானால், சீனரா ஜப்பானியரா?”

அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. கான் அப்பாவியும் அல்ல. தற்பெருமைக்காரர், அண்டை வீட்டாரைப் பட்டிக்காட்டான்களாகப் பார்ப்பவர், மகள் கோனியைப் படிப்பு, வயலின் என்று விரட்டுபவர். துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவே வளர்ந்த நம் இளையர்களுக்குக் கோனியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கானைப் பார்த்தும் சிரிக்கிறோம், ஆனால் அவருடைய குணத்துக்காகச் சிரிக்கிறோம். அதனால்தான் என் முதலிடம் இதற்கு.

உடனே ஒருவர் கேட்கலாம்: கானுக்குக் குரல் கொடுத்ததும் வெள்ளைக்காரர்தானே? ஆமாம், டோபி ஹஸ். தொடர் 2025ல் மீண்டும் வந்தபோது அந்தப் பொறுப்பு ரோனி சியெங்கிடம் போனது. ஜோகூர் பாருவில் பிறந்து, சிங்கப்பூரிலும் வளர்ந்த நகைச்சுவையாளர் அவர். லாவோஸ்காரர் அல்ல. 28 ஆண்டுகளுக்குப் பிறகு, ஹேங்க் கேட்ட கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது: சீனர்!