பையன் மட்டம் போட்டால் செல்போன் காட்டிக் கொடுக்கும்! பள்ளியில் உங்கள் நம்பர் சரியா?

சென்னை:
காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பையன் பள்ளிக்கூடம் போனானா, சினிமாவுக்குப் போனானா? முன்பெல்லாம் இது அப்பாவுக்குத் தெரிய நாள் கணக்கில் ஆகும். லீவு லெட்டரில் அப்பா கையெழுத்தைப் பையனே போட்டு விடுவான்!

இப்போது அந்தப் பாச்சா பலிப்பது கஷ்டம்.

செல்போனில் ஆஜர்

தமிழக அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் வருகையைச் செல்போன் செயலியில் பதிகிறார்கள். அது "எமிஸ்" என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏறிவிடும். அசோக் நகர் அரசு பெண்கள் பள்ளியில் 2018 டிசம்பரில் முகத்தைப் படம் பிடித்தே வருகை பதியும் முறையைத் தொடங்கினார்கள். பல தனியார் பள்ளிகளில் பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். பறக்கிறது.

யார் நம்பர்?

ஆனால் தகவல் எந்த நம்பருக்குப் போகிறது? அங்கேதான் சிக்கல்! சிம் மாற்றியவர்கள் பள்ளியில் சொல்வதில்லை. நண்பன் நம்பரைக் கொடுத்து டிமிக்கி அடிக்கும் பையன்களும் உண்டு.

2024-ல் பெற்றோரின் நம்பர்களை ஓ.டி.பி. கேட்டு ஆசிரியர்கள் சரிபார்த்தார்கள். "பாங்கிப் பணம் போய்விடுமோ" என்று பலர் சொல்லத் தயங்கினார்கள். மோசடி நடக்கிற காலத்தில் அந்தப் பயம் நியாயம்தான். அதற்கு வழி உண்டு. முகம் தெரியாதவர் போனில் கேட்டால் சொல்லாதீர்கள். நேரே பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரிடம் நம்பரைச் சரிபாருங்கள்.

காணாமல் போன பிள்ளையைத் தேட முதல் சில மணி நேரம்தான் முக்கியம். காலை 10 மணிக்கே தெரிந்தால் உடனே போலீசுக்கும், 1098-க்கும் சொல்லலாம். மாலை 5 மணிக்குத் தெரிந்தால் ஒரு பகலே போச்சு!