சுடப்படுகிறது என்றால், சுட்டவர் யார்?

உணவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தணலைக் கிளறும் கை தெரியும். கறியைப் புரட்டும் கை தெரியும். புகைக்குக் கண்ணைச் சுருக்கும் முகம் தெரியும். பிறகு சத்தத்தை வையுங்கள். அந்தக் கைக்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லாத குரல் ஒன்று பேசிக்கொண்டிருக்கும். கணீரென்று இருக்கும், எந்த ஊர்க் குரல் என்று மட்டும் சொல்ல முடியாது.

இந்தக் குரலைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வரை போய் வருவோம்.

நம் நகரத்து உணவகங்களில் பார்பிக்யூ என்றால் கம்பியில் குத்திய கோழித்துண்டு. தென் கரோலினா மாநிலத்தில் அது ஓர் இரவு முழுக்க நடக்கும் வேலை. முழுப் பன்றியைப் பிளந்து கம்பி வலை மேல் விரிப்பார்கள். விறகைத் தனியே இரும்புப் பீப்பாயில் எரித்து, அடியில் விழும் கங்கை மண்வெட்டியால் வாரிவந்து பன்றிக்குக் கீழே பரப்புவார்கள். தீ நாக்கு கறியில் படக்கூடாது. சூடு மட்டும் ஏற வேண்டும். ஏறத்தாழ 12 மணி நேரம். தூங்கினால் கறி கருகும். வினிகரும் மிளகாயும் கலந்த சாற்றை அடிக்கடி தடவ வேண்டும்.

பார்பிக்யூ என்ற சொல்லின் வேர் கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்களின் மொழியில் இருக்கிறது. தென் மாநிலப் பண்ணைகளில் அந்தக் குழியருகே இரவெல்லாம் கண்விழித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின அடிமைகள். விருந்து பண்ணையாருக்கு. 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்தக் குழிகளில் பெரும்பாலும் அவர்களின் கைகளே வெந்தன.

ஏட்ரியன் மில்லர் என்ற கறுப்பின எழுத்தாளர் 2021இல் 'பிளாக் ஸ்மோக்' என்று ஒரு நூல் எழுதினார். அதற்கு விதை போட்டது, 2004இல் அவர் பார்த்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. தென் மாநிலப் பார்பிக்யூ பற்றிய நிகழ்ச்சி அது. முடிந்தபிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது: கறுப்பினத்தவர் ஒருவரைக்கூட அதில் பேட்டி எடுக்கவில்லை.

இப்படிச் செய்ய யாரும் பெரிய சதி செய்ய வேண்டியதில்லை. வர்ணனைக்கு எழுதும் வாக்கியமே போதும். தமிழ் இலக்கணம் படித்த மாணவர்களுக்கு இது எளிதாகப் புரியும். 'பன்றி இரவு முழுவதும் சுடப்படுகிறது.' செயப்பாட்டு வினை. சுட்டவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. படம் ஆளைக் காட்டுகிறது, வாக்கியம் ஆளை எடுத்துவிடுகிறது. கொஞ்சம் இரக்கமுள்ள வர்ணனை என்றால் 'இம்மக்கள்' என்று ஒரு சொல் வரும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று சுட்டுவிரல் நீட்டுகிற சொல் அது.

இதற்கு நேர்மாறான ஒரு பதிவும் அங்கே இருக்கிறது. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசு, அடிமைகளாக இருந்து உயிரோடு மிஞ்சிய முதியவர்களைத் தேடி அவர்களின் வாழ்க்கையை எழுதி வாங்கியது. 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள். தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்ற முதியவர், விருந்துக்கு முந்தைய இரவெல்லாம் தான் கறி சுட்ட விதத்தைச் சொல்கிறார். சாற்றில் வினிகர், மிளகு, வெண்ணெய், வெங்காயம், பூண்டு. நீண்ட குச்சியின் முனையில் துணி சுற்றி அதைத் தோய்த்துத் தடவுவார். சொட்டும் நெய் கங்கில் விழுந்து, எழும் புகையே மசாலாப் புகையாகிக் கறியில் ஏறும். எல்லா வாக்கியமும் 'நான்' என்று நடக்கிறது. எழுதி எடுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். பேச்சைக் கொச்சையாக எழுத்துக்கூட்டி வைத்தார்கள் என்ற குறை உண்டு. அந்த 'நான்' மட்டும் அழியவில்லை.

அண்மைக் காலத்தில் திரையிலும் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020இல் நெட்பிளிக்ஸில் வந்த பார்பிக்யூ தொடர் ஒன்றில், தென் கரோலினாவின் ஹெமிங்வே என்ற சிற்றூர்க்காரரான ராட்னி ஸ்காட் தன் கதையைத் தன் குரலிலேயே சொல்கிறார். 11 வயதில் முதல் பன்றியைச் சுட்டவர். அடுத்த ஆண்டு வந்த 'ஹை ஆன் தி ஹாக்' தொடரைத் தொகுத்து வழங்கியவர் ஸ்டீபன் சாட்டர்ஃபீல்ட் என்ற கறுப்பினத்தவர். கதையை அமெரிக்காவில் தொடங்காமல், அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் தொடங்குகிறார். கடலோரத்தில் நின்று அழுகிறார். கணீர்க் குரல் வர்ணனையாளர் யாரும் அந்த இடத்தில் அழ மாட்டார்.

கறுப்பினத்தாரின் போராட்டம் நமக்கு அந்நியமல்ல. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் பிறந்தபோது பெயரை எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். சோற்றுப் பானை விஷயத்திலும் அதே உறவு இருக்கிறது. மராத்வாடாவின் தலித் உணவைப் பற்றி 2015இல் மராத்தியில் நூல் எழுதிய ஷாஹு பட்டோலே, தான் தின்று வளர்ந்ததைத்தான் எழுதினார். மாட்டுக்கறியைக் கீற்றுகளாக அறுத்துக் காயவைக்கும் முறை அதில் வருகிறது. நம் வீடுகளில் அதற்குப் பெயர் உப்புக்கண்டம்.

சென்ற மாதம் கல்லூரி மாணவிகள் மூவர் ஒரு குறும்படத்தை எங்களிடம் காட்ட வந்தார்கள். உப்புக்கண்டம் பற்றியது. அவர்களில் ஒருத்தியின் அப்பாயிதான் படம் முழுக்க. கொடியில் கோத்துக் காயவிடுகிறார், அடுப்புக் கங்கில் சுடுகிறார், உரலில் வைத்துத் தட்டுகிறார். படம் அருமை. வர்ணனை இப்படி ஓடியது: 'இப்பகுதி மக்களால் மாட்டிறைச்சி உப்பிட்டு உலர்த்தப்பட்டு, நெருப்பில் சுட்டு உண்ணப்படுகிறது.'

அப்பாயியும் கூட வந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாருடி இவ, நம்ம வூட்டப் பத்திப் பேசுறது?" என்றார்.

"நாந்தான் அப்பாயி."

செய்தி வாசிப்பது போல வாசித்தால்தான் மதிப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேத்தியின் குரல் கிழவிக்கே அடையாளம் தெரியவில்லை.

மறுபடி பதிவு செய்யலாம் என்றோம். எழுதி வைத்து வாசிக்க வேண்டாம். பேத்தி கேட்கட்டும், அப்பாயி சொல்லட்டும், கைப்பேசி நடுவில் கிடக்கட்டும். கோழி கத்தினால் கத்தட்டும். அப்பாயி தொடங்கினார்: "கறிய கயிறு மாதிரி அறுத்து, மஞ்சளும் உப்பும் போட்டுப் பெசறி..." அவ்வளவுதான், நின்றுவிட்டார். "நாங்க திம்போம்னு நானே சொல்லணுமா? நாளைக்கு இவ ஆஸ்டல்ல இருக்கப் போறாளே" என்றார்.

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'உண்ணப்படுகிறது' என்ற வாக்கியத்துக்குள் அந்தப் பெண் ஒளிந்துகொண்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. பண்ணையார் மொழி என்று நாம் திட்டுகிற அதே மொழி, அவளுக்கு ஒரு முக்காடாகவும் இருந்திருக்கிறது. நினைத்துப் பார்த்தால் இந்தப் பயம் பொய்யில்லை. மும்பையில் மாட்டுக்கறி உண்பவர்களைப் பற்றி மாணவர்கள் எடுத்த 'காஸ்ட் ஆன் தி மெனு கார்ட்' படத்துக்கு, 2015இல் டெல்லி விழாவில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை.

பேத்திதான் பேசினாள். "ஆஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும் அப்பாயி. நீ சொல்லு."

அப்பாயி சொன்னார். 14 நிமிடம். பஞ்ச காலத்தில் ஒரு துண்டைச் சுட்டு ஐந்து பேருக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் மகனின் சட்டையில் வாசம் வருகிறதென்று வாத்தியார் கடைசி வரிசையில் உட்கார வைத்தது எல்லாம் வந்தது. நாங்கள் கேள்வியாகக்கூட எழுதி வைத்திருக்காதவை.

படத்தின் முடிவில் ஊர்ப் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது மட்டும் தீரவில்லை. அப்பா வேண்டாம் என்கிறார். அப்பாயி போடு என்கிறார். கல்லூரி விழாவுக்கு அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.